மரவேலைக் கோணங்களுக்கு ஒரு விரிதாள்: முதல் சூத்திரம் முதல் சாய்பெட்டி வரை

நான்கு சட்டங்களைச் சேர்த்து ஒரு படச்சட்டம் செய்ய எந்தக் கணக்கும் வேண்டாம். ரம்பத்தை 45-ல் நிறுத்தி அறுத்தால் ஆயிற்று. அதையே எட்டுப் பக்கமாகச் செய்ய வேண்டும், அல்லது கதவுச் சட்டத்துக்குள் குறுக்காக ஒரு சாய்கட்டை பொருத்த வேண்டும் என்று வரும்போதுதான் கை நின்றுவிடுகிறது. கண்ணளவில் அறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இழைத்து, கடைசியில் கட்டை நீளம் குறைந்துபோய் இன்னொரு பலகையை எடுப்பதுதான் பலர் வழக்கம். எனக்கும் பல காலம் அப்படித்தான் போனது.

பள்ளியில் படித்த சைன், காஸ், டேன் மூன்றும் இதற்குப் போதும். அவற்றை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியதில்லை. ஒரு விரிதாளில் ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் அப்புறம் அளவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் கால்க் எதுவானாலும் இங்கே சொல்லும் சூத்திரங்கள் வேலை செய்யும். கால்குலேட்டரைவிட இதையே நான் விரும்புவதற்குக் காரணம், போட்ட அளவு கண்ணெதிரே நிற்கிறது. 900 என்று நினைத்து 90 என்று அடித்திருந்தால் அறுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

சூத்திரங்களை எழுதியிருக்கும் முறை பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் அவை தமிழ் எழுத்தில், உச்சரிப்புப்படி இருக்கின்றன. தாளில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். சைன் என்பது எஸ், ஐ, என் மூன்றெழுத்து. காஸ் என்பது சி, ஓ, எஸ். டேன் என்பது டி, ஏ, என். ஏசைன், ஏடேன் என்பவை அதே சொற்களுக்கு முன்னால் ஏ சேர்ந்தவை. இவை விகிதத்திலிருந்து கோணத்தைத் திருப்பித் தருபவை. வர்க்கமூலத்துக்கு எஸ், கியூ, ஆர், டி. டிகிரீஸ், ரேடியன்ஸ் இரண்டும் முழு ஆங்கிலச் சொற்கள், பன்மையில். சமக்குறி போட்டு முதல் இரண்டு எழுத்தை அடித்தாலே தாள் மீதியைக் காட்டிவிடும்.

தாளை அமைத்தல்

முதல் நிரலான ஏ-யில் அளவின் பெயர், அடுத்த நிரலான பி-யில் எண், சி-யில் அலகு. நீங்கள் கையால் நிரப்பும் செல்களுக்கு மட்டும் மஞ்சள் நிறம் கொடுங்கள். சூத்திரம் இருக்கும் செல் வெள்ளையாகவே இருக்கட்டும். அவசரத்தில் சூத்திரத்தின் மேலேயே எண்ணை அடித்து அழித்துவிடுவது எல்லோருக்கும் நடக்கும். நிறம் அதைத் தடுக்கும். எல்லா நீளங்களையும் மில்லிமீட்டரில் போடுங்கள். பாதியை அங்குலத்திலும் பாதியை மில்லிமீட்டரிலும் போட்டால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது.

இனி முதல் சோதனை. ஏதாவது ஒரு செல்லில் இதை அடியுங்கள்:

=சைன்(30)

0.5 வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். வருவது -0.988. தாள் பழுதாகவில்லை. விரிதாள் எப்போதும் கோணத்தை ரேடியனில்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு ரேடியன் ஏறத்தாழ 57.3 டிகிரி. நீங்கள் 30 டிகிரி என்று சொன்னதை அது 30 ரேடியன் என்று புரிந்துகொண்டது. சரியான வடிவம்:

=சைன்(ரேடியன்ஸ்(30))

இப்போது 0.5 வரும். திரும்பும் வழியில், விகிதத்திலிருந்து கோணம் வேண்டுமென்றால்:

=டிகிரீஸ்(ஏசைன்(0.5))

30 வரும். கோணம் உள்ளே போனால் ரேடியன்ஸ், கோணம் வெளியே வந்தால் டிகிரீஸ். புதிதாக வருபவர்கள் செய்யும் பிழைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்தில்தான். அதனால் புதிய தாள் தொடங்கும்போதெல்லாம் இந்த இரண்டு வரிகளையும் ஒரு மூலையில் அடித்துப் பார்ப்பது என் வழக்கம்.

எந்தச் சூத்திரம் எப்போது என்பதும் எளிதுதான். வேலையில் ஒளிந்திருக்கும் செங்கோண முக்கோணத்தை ஒரு தாளில் பென்சிலால் வரையுங்கள். செங்கோணத்தைத் தாங்கும் இரண்டு பக்கங்களும் தெரிந்தால் ஏடேன். கர்ணமும் கோணத்துக்கு எதிர்ப்பக்கமும் தெரிந்தால் ஏசைன். மரவேலையில் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை ஏடேன்தான்.

உதாரணமாக, மேசைக்கால் 600 மி.மீ. நீளத்தில் 40-லிருந்து 25 மி.மீ. ஆக ஒரு பக்கமாக ஒடுங்க வேண்டும். ஒடுக்கம் 15 மி.மீ. பி1-ல் (பி நிரலின் முதல் வரிசை) 600, பி2-ல் 15 போட்டு,

=டிகிரீஸ்(ஏடேன்(பி2/பி1))

என்று அடித்தால் 1.43 டிகிரி வரும். ஆனால் 1.43 டிகிரியை எந்த ரம்பத்திலும் எந்த மட்டத்திலும் நம்பி வைக்க முடியாது. காலின் ஒரு முனையில் 15 மி.மீ. குறித்து நேர்கோடு போடுவதுதான் இங்கே சரியான வழி. இதை மனதில் வையுங்கள், பின்னால் மறுபடியும் தேவைப்படும்.

ரம்பத்தின் பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது?

கோணமானியில் பலகையின் நீளவாக்கு விளிம்பிலிருந்து அளந்தால் நேர்வெட்டு 90 டிகிரி. மைட்டர் ரம்பத்தின் (பிளேடை வேண்டிய கோணத்துக்குத் திருப்பிக் குறுக்கே அறுக்கும் ரம்பம்) அளவுகோலில் அதே நேர்வெட்டு 0. ஆகவே கோணமானி 60 காட்டும் வெட்டுக்கு ரம்பத்தில் 30 வைக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, தாளில் விடை வரும் ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்தில் ‘ரம்பத்தில்’ அல்லது ‘கோணமானியில்’ என்று எழுதிவைக்கிறேன். இந்தக் கட்டுரையில் இனி வரும் விடைகள் எல்லாம் ரம்பத்தில் வைக்கும் எண்கள். விடை 45-க்கு மேல் வந்தால் ஒரு நிமிடம் நின்று, 90-லிருந்து கழிக்க மறந்தோமா என்று பாருங்கள்.

பல பக்கச் சட்டங்கள்

ஒழுங்கான எத்தனை பக்கச் சட்டமானாலும் ஒவ்வொரு முனையையும் அறுக்கும் கோணம் 180-ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும். ஐந்துக்கு 36, ஆறுக்கு 30, எட்டுக்கு 22.5, பன்னிரண்டுக்கு 15. இதற்கு முக்கோணவியலே வேண்டாம். ஒவ்வொரு துண்டின் நீளத்துக்குத்தான் அது வேண்டும்.

எட்டுப் பக்கக் கடிகாரச் சட்டம், எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே வெளியளவு 400 மி.மீ. என்று வைப்போம். பி1-ல் 8, பி2-ல் 400.

=பி2*டேன்(ரேடியன்ஸ்(180/பி1))

165.7 மி.மீ. வரும். இது துண்டின் வெளிவிளிம்பு நீளம், அதாவது நீளமான விளிம்பு. 400 என்பது மூலைக்கு மூலை அளவாக இருந்தால் டேனுக்குப் பதில் சைன் போடுங்கள், 153.1 வரும். எந்த 400 என்று முடிவு செய்யாமல் அறுக்கத் தொடங்காதீர்கள்.

எட்டுப் பக்கச் சட்டத்தில் மொத்தம் 16 வெட்டு. ரம்பம் 0.1 டிகிரி விலகியிருந்தால் ஒவ்வொரு வெட்டிலும் அது சேர்ந்து, கடைசி மூட்டில் 1.6 டிகிரியாக நிற்கும். சட்டம் 100 மி.மீ. அகலமாக இருந்தால் அந்த ஒரு மூட்டில் 2.8 மி.மீ. வாய் பிளக்கும். சூத்திரத்தில் தவறில்லை, ரம்பத்தில்கூடப் பெரிய தவறில்லை, ஆனாலும் கண்ணை உறுத்தும் இடைவெளி. இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. நான்கு நான்காக இரண்டு அரைவட்டங்கள் மட்டும் ஒட்டுங்கள். பசை காய்ந்த பிறகு ஒவ்வொரு பாதியின் இரு முனைகளும் ஒரே நேர்கோட்டில் வரும்படி இழைத்துவிட்டு இரண்டையும் சேருங்கள். சேர்ந்த பிழையெல்லாம் அந்த இழைப்பில் போய்விடும்.

கதவுக்குள் சாய்கட்டை

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சூத்திரம் தெரிந்தவர்களும் இங்கே தவறுகிறார்கள். நான் முதலில் செய்த தோட்டக் கதவின் சட்டம் உள்ளளவில் 900 அகலம், 1200 உயரம். சாய்கட்டை 90 மி.மீ. அகலம். மூலைவிட்டம் 1500, நிற்கும் சட்டத்திலிருந்து கோணம் 36.87 டிகிரி என்று பெருமையாகக் கணக்குப் போட்டு, அப்படியே இரு முனைகளையும் அறுத்தேன். கட்டை உள்ளே போகவில்லை. கொஞ்சம் நிமிர்த்தி உள்ளே தள்ளினால் முனைகள் சட்டத்தில் படியாமல், ஒரு பக்கம் தொட்டு மறு பக்கம் 6 மி.மீ.க்கும் மேல் ஆப்பு வடிவத்தில் இடைவெளி.

காரணம் இதுதான். மூலைவிட்டம் என்பது அகலமில்லாத கோடு. கட்டைக்கோ 90 மி.மீ. அகலம் இருக்கிறது. கட்டையின் ஒரு விளிம்பு கீழ் மூலையைத் தொட வேண்டும், அதன் மறு விளிம்பு எதிர் மேல்மூலையைத் தொட வேண்டும். அப்படி நடக்க, கட்டை மூலைவிட்டத்தைவிடக் கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றாக வேண்டும். எவ்வளவு நிமிர வேண்டும் என்பதை ஏசைன் சொல்லும்.

பி1-ல் 900, பி2-ல் 1200, பி3-ல் 90 போடுங்கள். அப்புறம் ஒன்றன்கீழ் ஒன்றாக:

பி4, மூலைவிட்டம்: =எஸ்கியூஆர்டி(பி1*பி1+பி2*பி2)
பி5, மூலைவிட்டக் கோணம்: =டிகிரீஸ்(ஏடேன்(பி1/பி2))
பி6, நிமிர்வுத் திருத்தம்: =டிகிரீஸ்(ஏசைன்(பி3/பி4))
பி7, ரம்பத்தில் வைக்க: =பி5-பி6
பி8, விளிம்பு நீளம்: =பி2/காஸ்(ரேடியன்ஸ்(பி7))

முறையே 1500, 36.87, 3.44, 33.43, 1437.9 வரும். இரு முனைகளும் ஒன்றுக்கொன்று இணையாக, 33.43-ல் அறுக்கப்பட்டு, ஒவ்வொரு விளிம்பும் 1437.9 மி.மீ. இருந்தால் கட்டை கச்சிதமாக உட்காரும். நம்பிக்கை வர இன்னொரு செல் சேருங்கள்:

=பி2*டேன்(ரேடியன்ஸ்(பி7))+பி3/காஸ்(ரேடியன்ஸ்(பி7))

இது கட்டை சாய்ந்து கடக்கும் தூரத்தையும் அதன் வெட்டுமுனை அடைக்கும் அகலத்தையும் கூட்டுகிறது: 792.2 சேர் 107.8. விடை 900 வர வேண்டும், வருகிறது. இப்படி ஒரு சரிபார்ப்புச் செல் வைத்திருந்தால், பிறகு அளவுகளை எப்படி மாற்றினாலும் பி1-ம் அதுவும் ஒன்றாகவே இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

இது முனைக்கு ஒரே வெட்டாக, கட்டை மேல் கீழ்ச் சட்டங்களில் மட்டும் உட்காரும் வகைக்கு. முனையை இரண்டு வெட்டில் கூராக்கி, கட்டையின் நடுக்கோடு மூலையில் போய் முட்டும்படி வைத்தால் திருத்தம் வேண்டாம். ஒரு வெட்டு 36.87, மற்றது 53.13. ஆனால் இரண்டாவது வெட்டு பல ரம்பங்களின் எல்லையைத் தாண்டிவிடும் என்பதால், புதிதாகச் செய்பவருக்கு ஒரே வெட்டைத்தான் சொல்வேன். கணக்கைத் தாண்டிய ஒன்று: சாய்கட்டை கீல் பக்கத்தின் கீழ்மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்தின் மேல்மூலைக்கு ஏற வேண்டும். அப்போதுதான் கதவின் பாரம் கட்டையை அழுத்திக் கீலுக்குப் போகும். மாற்றி வைத்தால் மூட்டுகள் இழுபட்டுக் கதவு தொங்கும்.

சாய்ந்த பக்கங்கள் உள்ள பெட்டி

வாய் அகன்று அடி குறுகிய செடித்தொட்டி, தட்டு, விளக்குக்கூடு இவற்றில் பக்கங்கள் வெளியே சாய்ந்திருக்கும். இங்கே ரம்பத்தை இரண்டு வகையில் திருப்ப வேண்டும்: மேசையின் மேல் பக்கவாட்டில் திரும்பும் மைட்டர் கோணம், பிளேடு சாயும் பெவல் கோணம். இரண்டையும் ஊகிக்கவே முடியாது. பி1-ல் பக்கங்களின் எண்ணிக்கை, பி2-ல் பக்கங்கள் செங்குத்திலிருந்து சாயும் டிகிரி.

மைட்டர்: =டிகிரீஸ்(ஏடேன்(சைன்(ரேடியன்ஸ்(பி2))*டேன்(ரேடியன்ஸ்(180/பி1))))

பெவல்: =டிகிரீஸ்(ஏசைன்(காஸ்(ரேடியன்ஸ்(பி2))*சைன்(ரேடியன்ஸ்(180/பி1))))

நான்கு பக்கம், 15 டிகிரி சாய்வு என்றால் மைட்டர் 14.51, பெவல் 43.08. ஆறு பக்கமென்றால் 8.50, 28.88. அடைப்புக்குறிகள் அதிகம், ஒன்று விட்டாலும் தாள் முரண்டு பிடிக்கும். உள்ளிருந்து வெளியே எண்ணிக்கொண்டு அடியுங்கள்.

சரியாக அடித்தீர்களா என்று பார்க்க மூன்று சோதனைகள். நான்கு பக்கம் வைத்துச் சாய்வை 0 ஆக்குங்கள்: மைட்டர் 0, பெவல் 45 வர வேண்டும், ஏனென்றால் அது சாதாரணப் பெட்டி. சாய்வை 90 ஆக்குங்கள்: மைட்டர் 45, பெவல் 0, அதாவது தட்டையாகக் கிடக்கும் படச்சட்டம். கடைசியாக 38 போடுங்கள்: 31.62-ம் 33.86-ம் வரும். பல மைட்டர் ரம்பங்களின் அளவுகோலில் 31.6, 33.9 இரண்டும் தனியாகக் குறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் பதிக்கும் அலங்காரச் சட்டத்தை அறுப்பதற்கான எண்கள் அவை. அந்தச் சட்டம் சுவரிலிருந்து 38 டிகிரி சாய்ந்து நிற்பதால் உங்கள் தாளும் அதே விடைக்கு வந்து சேர்கிறது. என் தாளில் இந்த இரண்டு எண்களும் முதன்முதலாகப் பொருந்தியதைப் பார்த்தபோது வந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை.

பலகையின் அகலமும் மாறும். பெட்டி 120 மி.மீ. உயரம் நிற்க வேண்டுமென்றால், சாய்வின் வழியே பலகை 120-ஐக் காஸ் 15-ஆல் வகுத்த அளவு, அதாவது 124.2 மி.மீ. வேண்டும். அடி தரையில் படிய அடிவிளிம்பையும் 15 டிகிரி சாய்த்து அறுக்க வேண்டும்.

முக்காலி, நாற்காலி போன்றவற்றில் கால் முன்பின்னாகவும் பக்கவாட்டாகவும் ஒரே நேரத்தில் சாயும். முன்பின் சாய்வு 10, பக்கச் சாய்வு 8 டிகிரி என்றால் கால் உண்மையில் சாய்வது 18-ம் இல்லை, 10-ம் இல்லை. இரண்டின் டேனையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, ஏடேன் போட்டால் 12.71 வரும். துளை போடும்போது துரப்பணத்தைச் சாய்க்க வேண்டியது அவ்வளவுதான். எந்தத் திசையில் என்பதற்குப் பக்கச் சாய்வின் டேனை முன்பின் சாய்வின் டேனால் வகுத்து ஏடேன் போடுங்கள்: முன்பின் கோட்டிலிருந்து 38.56 டிகிரி திரும்பிய கோடு. அந்தக் கோட்டை இருக்கைப் பலகையின் அடியில் பென்சிலால் வரைந்துகொண்டால், துரப்பணத்தை அதன் வழியே ஒரே சாய்வாகச் சாய்த்தால் போதும்.

டிகிரியைத் திரும்ப மில்லிமீட்டருக்கு

தாள் 33.43 என்று சொல்கிறது. உங்கள் ரம்பத்தின் அளவுகோலில் அரை டிகிரிக்குக் கோடு இருந்தாலே பெரிது. மேசைக்கால் விஷயத்தில் பார்த்ததையே இங்கும் செய்ய வேண்டும்: கோணத்தை நீளமாக்குங்கள். ஒவ்வொரு கோண விடைக்கும் பக்கத்தில் இன்னொரு செல்:

=500*டேன்(ரேடியன்ஸ்(பி7))

33.43-க்கு 330.1 வரும். நேர்விளிம்புள்ள ஒரு தட்டைப் பலகையை எடுங்கள். விளிம்பின் ஒரு புள்ளியிலிருந்து மூலைமட்டம் வைத்து உள்ளே செங்குத்தாக 500 மி.மீ. கோடு. அதன் முனையிலிருந்து விளிம்புக்கு இணையாக 330 மி.மீ. நகர்ந்து ஒரு புள்ளி. விளிம்பிலிருக்கும் முதல் புள்ளியையும் இதையும் சேர்த்தால் கிடைக்கும் சாய்கோடுதான் வெட்டுக்கோடு. அதற்கும் செங்குத்துக் கோட்டுக்கும் இடையே இருப்பது உங்கள் 33.43 டிகிரி. 500 மி.மீ. தூரத்தில் 1 மி.மீ. பிசகினாலும் கோணம் 0.11 டிகிரிக்கு மேல் மாறாது. எந்தப் பிளாஸ்டிக் கோணமானியும் இவ்வளவு துல்லியம் தராது. பெவல் மட்டத்தின் (அலகைத் திருப்பி எந்தக் கோணத்திலும் இறுக்கிவைக்கும் மட்டம்) கட்டையைப் பலகை விளிம்பில் வைத்து, அலகை அந்தச் சாய்கோட்டில் படியவைத்து இறுக்குங்கள். பிறகு பெவல் மட்டத்தைக் கொண்டுபோய் ரம்பத்தின் பிளேடோடு சேர்த்து ரம்பத்தை நிறுத்துங்கள். பிளேடின் உடலில் அலகு படிய வேண்டும், பல்லில் அல்ல. பற்கள் மாறிமாறி வெளியே நீட்டியிருக்கும். ரம்பத்தின் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு இதைச் செய்யுங்கள்.

நடுவில் எந்த எண்ணையும் முழுமையாக்காதீர்கள். 33.43 என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் செல்லின் காட்சி வடிவத்தில் இரண்டு தசம இடம் என்று வையுங்கள். உள்ளே எல்லாத் தசம இடங்களும் அப்படியே இருக்கும்.

நல்ல மரத்தைத் தொடுவதற்கு முன், அதே அகலமுள்ள கழிவுத் துண்டுகள் இரண்டை அந்த அமைப்பில் அறுத்துச் சேருங்கள். எட்டுப் பக்கச் சட்டத்துக்கு இரண்டு துண்டும் சேரும் உட்கோணம் 135, ஆறு பக்கத்துக்கு 120. சாய்பெட்டியானால் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து மேசையில் நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே மூட்டைப் பாருங்கள். உள்பக்கம் தொட்டு வெளிப்பக்கம் வெளிச்சம் தெரிந்தால் பிளேடு இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சாய வேண்டும். வெளிப்பக்கம் தொட்டு உள்ளே வெளிச்சம் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் குறைவாக. கால் டிகிரிக்கும் குறைவாகத் திருத்தி மறுபடி இரண்டு துண்டு அறுங்கள். சரியாக அமைந்த துண்டுகளின் மேல் கோணத்தையும் தேதியையும் எழுதித் தனியே எடுத்துவையுங்கள்; அடுத்த முறை அதே கோணம் வந்தால் பிளேடை அந்தத் துண்டிலேயே சேர்த்து நிறுத்திவிடலாம்.